இடது கையால் வெட்டிய ஸ்டார்

அன்புள்ள ரெனிதா,

நீயும் ஜெபாவும் சுகம்தானே? அத்தைக்கு இருமல் குறைந்ததா? நான் மேனாம்பேட்டில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எழுத்து கிறுக்கலாக இருக்கிறதே என்று பயப்படாதே. பட்டறையில் பிரஸ் மிஷின் என் வலது கையைக் கொஞ்சம் கடித்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி, கலர் காகிதம் ஒட்டி, ஜெபாவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்தேன். கீழ்வீட்டு அஞ்சலை அக்கா பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, நண்டு மாரி கீது!" என்று சிரித்தார். பிறகு அவரே உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தார். அப்படியும் ஒரு முனை குட்டையாகிவிட்டது. ஜெபா கேட்டால், அப்பா அவசரத்தில் வெட்டியது என்று சொல்.

பண்டிகைக்கு எனக்குப் பட்டன் வைத்த சட்டை எடுக்காதே. தலைவழியாகப் போடுகிற பனியன் இரண்டு அனுப்பு, போதும். ஊருக்கு எப்போது வரலாம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

கூரியர் கடையைச் சாத்திவிடுவார்கள், ஸ்டாரோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். ஃபாதரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல். கல்யாண மோதிரத்தை இடது கைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டால் தப்பில்லையே?

உன்
ததேயு