விடுப்பு ரத்து

நவம்பர் 6

எல்லையில் சண்டை வரப்போகிறதாம், மூன்று நாளாக அலுவலகத்தில் ஒரே வேலைதான். விடுப்பில் போன ராணுவக்காரர்களின் வீட்டுக்குப் போன் போட்டுத் திருப்பி அழைக்க வேண்டும். தமிழ்க்காரர்கள் மொத்தமும் என் தலையில். இந்தியில் கேட்டால் "மாலூம் நஹி", தெரியாது என்று தப்பித்துவிடுகிறார்களாம், தமிழில் கேட்டால் உளறிவிடுவார்களாம். மேஜரின் கண்டுபிடிப்பு. தப்பில்லை. "குளிக்கப் போயிருக்காரு" என்று ஒருத்தி இழுத்தாள். "ஈரத் துணியோட நின்னாலும் பரவால்ல, வரச் சொல்லும்மா" என்றேன். இரண்டே நிமிடத்தில் ஆள் லைனில்! அறுபத்திரண்டு பேரில் நாற்பது பேரைப் பிடித்துவிட்டேன். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

நவம்பர் 7

அழகர்சாமி, பீரங்கிப் படை, திருமங்கலத்துக்காரன். மனைவி செல்விதான் எடுத்தாள். ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்து ஆறு நாள்தான் ஆகிறது. "நாலு நாள் மட்டும் விடச் சொல்லுங்கக்கா. என்னால எந்திரிச்சு நிக்கவே முடியல." மேஜரிடம் சொன்னேன். "அச்சா" என்று நாலு நாள் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 8

பட்டியலின் கடைசிப் பக்கத்தில் மதியழகன். என் மருமகன். அழகர்சாமி இருக்கும் அதே பிரிவு.

என் மகள் மேகலாவுக்கு ஏழாம் மாதம் என்று பார்க்க வந்தவர். டில்லி ஆர்.கே.புரத்தில், என் குவார்ட்டர்ஸில், என் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். டிவியில் நம் பக்கம் பதினான்கு லட்சம் பேர், எதிரியிடம் அதில் பாதிகூட இல்லை என்று கலர் கலராகக் காட்டுகிறார்கள். பதினான்கு லட்சத்தில் ஒருத்தர் குறைந்தால் தோற்றுவிடுவோமா?

"மாப்பிள்ளை, போனை அணைச்சு வச்சிருங்க."

"ஏன் அத்தை? லிஸ்ட்ல பேரு வந்திருச்சா?"

"நான் ஒண்ணும் பாக்கல."

மேகலாவின் வயிற்றைப் பார்த்தார். போனை அணைத்துவிட்டார். அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

பட்டியலில் எழுதினேன் - தொடர்பு கிடைக்கவில்லை.

நவம்பர் 9

ஒரு பீரங்கிக்கு ஆள் குறைகிறதாம். அந்தப் பிரிவில் விடுப்பில் இருப்பது இரண்டே பேர். மதியழகன் கிடைக்கவில்லை என்றால் இன்னொருவனைக் கூப்பிடுங்கள், ஜல்தி, நாலு நாளெல்லாம் கிடையாது, இன்றைக்கே கிளம்பட்டும் என்கிறார் மேஜர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

செல்வி அழுதாள். காலில் விழுவதாகச் சொன்னாள். "நாங்களும்தான் பிள்ளை பெத்தோம்! சாயங்கால ரயில்ல ஏத்தி விடலன்னா வீட்டுக்குப் போலீசு வரும்" என்று கத்தினேன். அப்படிக் கத்தியிருக்க வேண்டியதில்லை. கத்தினால்தான் சீக்கிரம் போனை வைப்பாள் போலிருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

நவம்பர் 10

மாப்பிள்ளை மூன்று தோசை சாப்பிட்டார்.

நவம்பர் 13

சண்டை ஆரம்பித்துவிட்டது. அலுவலகத்தில் டிவி முன்னால் நின்று எல்லாரும் கை தட்டினார்கள். எதிரியின் டாங்கிகள் எத்தனை எரிந்தன என்று மணிக்கொரு கணக்கு. நம் பக்கம் சேதம் சொற்பம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் மேகலா கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "நீ இல்லன்னா என்னம்மா ஆயிருக்கும்!" அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எங்களில் யாருக்குத்தான் தெரியாது? சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நவம்பர் 15

மேஜர் ஒரு தாளைக் கொடுத்தார். ஒரே பீரங்கி, ஆறு பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. மூன்றாவது பெயர் அழகர்சாமி.

ஆட்கள் நேரில் போய்ச் சொல்வதற்குள் டிவியில் பெயர் வந்துவிடுமாம். அதனால் நான் முதலில் போனில் சொல்ல வேண்டுமாம். வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே பேசியது நீங்கள்தானே, உங்கள் தமிழ்தான் அவளுக்குப் புரியும் என்றார்.

செல்விதான் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது. "அம்மா" என்று தொடங்கினேன். குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைப் பேச விடவில்லை.

"அக்கா, அவரு அன்னிக்கே போயிட்டாருக்கா. நானே ஸ்டேசன் வரைக்கும் வந்து ஏத்திவிட்டேன். புள்ள மேல சத்தியமா இங்க இல்லக்கா!"