பின் இருக்கையில் மணல் மூட்டை

அன்புள்ள குண்டூசிக்கு,

நீயும் அத்தையும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு வடிக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். குழைந்துவிட்டால் கஞ்சி என்று பெயர் வைத்துவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் உருவாக்கும் ஒற்றை சிலிண்டர் எண்டுரோ பைக் ஒருவழியாகச் சாலையில் இறங்கிவிட்டது. கைப்பிடி நடுக்கமும் அடங்கிவிட்டது. கல்லிலும் சேற்றிலும் ஏற வேண்டும், இரண்டு பேரைச் சுமந்து நெடுந்தூரமும் போக வேண்டும். அதனால் பின் இருக்கையில் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்க்கிறேன். எத்தனை கிலோ என்று கேட்டதற்கு உன் எடையைச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. "மெதுவா போங்க" என்று முதுகில் குத்தாத மூட்டை.

நேற்று சேற்றில் சறுக்கி விழுந்தேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல ஆசைதான், ஒட்டிவிட்டது. காயம் எதுவும் இல்லை. எழுந்ததும் மூட்டையிடம் ஓடி, "அடி பட்டுச்சா?" என்று கேட்டிருக்கிறேன். கூட வந்த மெக்கானிக், "அண்ணே, வண்டி இந்தப் பக்கம் கெடக்கு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஓர் உதவி. மூட்டையைக் கட்ட உன் பழைய துப்பட்டா ஒன்றை அனுப்பு. கயிறு இங்கே நிறைய இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு. "துப்பட்டாவ இழுத்துச் சொருகு, சக்கரத்துல மாட்டிக்கும்" என்று நீ ஏறும்போதெல்லாம் கத்துவேனே, அப்படிக் கத்தி எவ்வளவு நாளாயிற்று!

சோதனை ஓட்டத்துக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. மூட்டையை ஏற்ற வேண்டும்.

உன்,
முன் இருக்கைக்காரன்