பன்னிரண்டாவது பல்

ஜூன் 9

அன்புள்ள டீச்சருக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது, அதற்கப்புறம் இப்போதுதான். கையெழுத்து மட்டும் மாறவில்லை, பார். ஆபீசில் பிளான் வரைந்தே பிழைப்பவனுக்கு, நீ 'ஸ்கேல்' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டவனுக்கு, அதுதானே மிச்சம்.

புதுப் பள்ளிக்கூடம் எப்படி? அறையில் காற்று வருகிறதா? மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற அளவுக்கு உனக்குக் கோபம். நியாயம்தான். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் மேலதிகாரியும் அவர் மனைவியும் டீக்கு வருகிறார்கள் என்ற பதற்றத்தில், நீ நரியின் மண்டை ஓட்டை ஊறப்போட்டிருந்த வாளியைக் கொட்டினேனே தவிர, அந்த மண்டையை நான் தொலைக்கவில்லை. அதைப் பூப்போல எடுத்து, பேப்பர் விரித்து வைத்துவிட்டுத்தான் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். ஏழு வாரமாக ஊறுகிற மண்டையின் தண்ணீர்! அந்த நாற்றத்தை நீ ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே நம் வீட்டு விலாசம் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

வெறும் அழுக்குத் தண்ணீருக்கா இவ்வளவு, டீச்சர்? நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. ஒரு வரி எழுது.

அன்புடன்,
வாளியைக் கொட்டியவன்

ஜூன் 17

வணக்கம்.

அறை நன்றாக இருக்கிறது. காற்று வருகிறது.

நீங்கள் கொட்டியது அழுக்குத் தண்ணீர் இல்லை. ஊற ஊறச் சதையும் நாரும் கரையும்போது, ஒற்றை வேர்ப் பற்கள் தாமாகவே கழன்று வாளியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் "வடிகட்டாமல் கொட்டக் கூடாது" என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தேன். மூடியைத் திறந்தவருக்கு அது கண்ணில் படவில்லை போலும்.

வாய்க்கால் கரையில் அந்த நரி செத்துக் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து எத்தனை முறை தண்ணீர் மாற்றியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் டீ வடிகட்டியில் வடித்துத்தான் ஊற்றினேன். இப்போது பதினொரு குழிகள் காலி. பொக்கை வாய் நரியைக் காட்டி நான் ஏழாம் வகுப்புக்கு எதைச் சொல்லிக்கொடுக்க?

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை

ஜூலை 2

அன்புள்ள டீச்சருக்கு,

பிடி, ஏழு பற்கள்! தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். போனில் பேசினால் பல்லை அனுப்ப முடியாது என்பதால், நீ போனை எடுக்காததும் நல்லதுக்குத்தான்.

உன் கடிதம் வந்த அன்றே ரோஜாப் பாத்தியில் முளை அடித்து, நூல் கட்டி, சாண் அளவில் கட்டம் பிரித்துவிட்டேன். ஒரு நாளைக்கு மூன்று கட்டம். மண்ணை எடுத்து, நீரில் கரைத்து, சலிப்பேன். எந்தச் சல்லடை என்று கேட்காதே. கேட்கிறாயா? மாவுச் சல்லடை. வேறு வாங்கித் தருகிறேன்.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சார், புதையலா?" என்றார். "இல்லைங்க, பல்லு தேடறேன்" என்றேன். "யாரோட பல்லு?" "நரியோட பல்லு. வீட்டம்மாவோடது." மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனவர்தான், இன்னும் சுவர்ப்பக்கம் வரவில்லை.

முதலில் கிடைத்தது கோரைப்பல். கையில் வைத்துப் பார்த்து அசந்துவிட்டேன். வெளியே தெரிவதைவிட வேர் நீளம்! இவ்வளவும் எலும்புக்குள் இருந்திருக்கிறதே, எந்த என்ஜினியர் இப்படி அஸ்திவாரம் போடுவான்? இதையெல்லாம் நீ எத்தனை தடவை கூப்பிட்டுக் காட்டியிருப்பாய்! "அப்புறம் பாக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

எந்தப் பல் எந்தக் கட்டத்தில் கிடைத்தது என்று வரைபடமும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மண் சலிப்பவன்

ஜூலை 12

அன்புள்ள உங்களுக்கு,

தீப்பெட்டி வந்தது. ஏழு பற்களும் அதனதன் குழியில் 'டக்'கென்று உட்கார்ந்தன. ஒரு துளிப் பசைதான் வைத்தேன். மண்ணில் கிடந்ததற்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் கைக்கு அந்தப் பக்குவம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

வரைபடத்தை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள், நரியின் பல்லுக்கு! பக்கத்து அறைக் கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா யாருங்க வரைஞ்சது?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அதனால்தான் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நான் பற்களுக்காக மாற்றல் வாங்கவில்லை. அன்றைக்கு நான் சேர்த்த மண்டை ஓடுகளையெல்லாம் பரணில் ஒளித்தபோது, என் கீரி மண்டையை மட்டும் ஏற்ற மறந்துவிட்டீர்கள். உங்கள் அதிகாரியின் மனைவி அதைப் பார்த்து, "இது என்னங்க?" என்றார். "யாரோ குடுத்தாங்க, தூக்கிப் போடணும்" என்றீர்கள். நான் டீத்தட்டோடு உங்கள் பின்னால்தான் நின்றிருந்தேன்.

பதினெட்டு வருடமாக நான் ஆசையாகச் செய்கிற ஒரே காரியம், இந்த மண்டை ஓடுகளைச் சுத்தம் செய்து சேர்ப்பதுதான். என்னைப் பார்த்து வெட்கப்படுகிறவரோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
டீச்சர்

ஆகஸ்ட் 3

அன்புள்ள டீச்சருக்கு,

நீ பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு சமாதானமா? இல்லை. நீ இல்லாதபோது சொல்லியிருந்தாலும் அது கேவலம்தான். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். காட்டுப்பூனை, ஆந்தை, பெயர் தெரியாத இரண்டு. துடைத்து, கீரியோடு சேர்த்துக் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது ஐந்து பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். அலுவலகத்துக்குப் பின்னால் கிடைத்த பெருச்சாளி மண்டை. வெள்ளையாக்கத்தானே வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரில் போட்டேன். மறுநாள் எடுத்தால், பழைய சுவரில் காரை பெயர்வதுபோல் கையிலேயே உதிர்ந்துவிட்டது. அப்போதுதான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆந்தை எலும்பு காகிதத்தை விட மெலிசு. அதை நீ எப்படித்தான் உடையாமல் எடுத்தாயோ! எத்தனை நாள் பொறுமை! உன்னைப்போல் ஒருத்தி என் வீட்டில் இருந்தாள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

கடைசி நான்கு பற்களும் இத்துடன். பதினொன்று முடிந்தது. இனி உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. அதுதான் வருத்தமாக இருக்கிறது.

அன்புடன்,
நான்

ஆகஸ்ட் 11

அன்புள்ள உங்களுக்கு,

நான்கும் சரியாகப் பொருந்தின. ஆனால் நான் எண்ணியதில் ஒரு தவறு. மொத்தம் பன்னிரண்டு. மேல் தாடையில், இடப்பக்கக் கோரைப்பல்லுக்கு அடுத்த குட்டிப் பல் இன்னும் வரவில்லை. அரிசியளவுதான் இருக்கும். முடிந்தால் தேடிப் பாருங்கள்.

பிளீச்சிங் பவுடர் எலும்பை அரித்துத் தின்றுவிடும். வேகவைக்கவும் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். பிறகு புண் துடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக் கடையில் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் போதும். நிழலில் உலர்த்துங்கள். பால் வெள்ளைக்கு ஆசைப்படாதீர்கள், எலும்பின் நிறம் அது இல்லை.

இப்படிக்கு,
டீச்சர்

செப்டம்பர் 20

அன்புள்ள டீச்சருக்கு,

நீயா எண்ணுவதில் தவறினாய்? காய்கறிக்காரர் கணக்கையே திருத்துகிறவளாயிற்றே!

ரோஜாப் பாத்தியை இரண்டாம் முறை சலித்தேன். இல்லை. எறும்பு இழுத்துக்கொண்டு போயிருக்குமோ என்று தோட்டம் முழுக்கக் கட்டம் போட்டு, நாளைக்கு ஆறாகச் சலித்தேன், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ரோஜாச் செடிகளைப் பிடுங்கி வேரை உதறிப் பார்த்தேன். சாக்கடை வண்டலைக்கூட விடவில்லை. அரிசியளவுக் கற்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, பல் மட்டும் இல்லை. என்னால் முடியவில்லை, டீச்சர். நான் தொலைத்ததைத் திருப்பித் தர முடியாமல் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அதிகாரியும் மனைவியும் மறுபடி வந்தார்கள். அந்த அம்மா அலமாரியைப் பார்த்து, "தூக்கிப் போடணும்னு சொன்னீங்களே?" என்றார். காது சுட்டது. "அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா. எல்லாம் என் மனைவி கையால செஞ்சது. பயப்படாம கையில எடுத்துப் பாருங்க" என்றேன். கீரியின் கண்ணைச் சுற்றி எலும்பு முழு வளையமாக மூடியிருப்பதையும், காட்டுப்பூனைக்கு அப்படி மூடாததையும் காட்டினேன். என் இரண்டாவது பெருச்சாளியையும் காட்டினேன். நீ சொன்னபடியே செய்தது, நன்றாக வெளுத்திருக்கிறது. முன்பற்கள் மட்டும் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கின்றன. "ஏன்?" என்று கேட்டார்கள். "அதுக்குப் பதில் சொல்ற ஆள் இப்ப ஊர்ல இல்லைங்க" என்றேன். அதிகாரி டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளையிலிருந்து சுவரோரம் தோண்டப் போகிறேன்.

உன்,
ஸ்கேல்

செப்டம்பர் 27

என் ஸ்கேலுக்கு,

மண்வெட்டியைக் கீழே வையுங்கள். இந்த நிமிடமே.

அந்தப் பல் உங்கள் தோட்டத்தில் இல்லை. வாளியிலும் இருந்ததில்லை. அந்த நரி உயிரோடு இருக்கும்போதே அதை இழந்துவிட்டது. கழன்ற இடத்தில் குழியே கிடையாது, எலும்பு வளர்ந்து மழுமழுவென்று மூடியிருக்கிறது. அப்படி மூட மாதக்கணக்காகும். அதுவரை, அதற்குப் பிறகும், ஒரு பல் குறைவாகவே ஓடி வேட்டையாடித் தின்று வாழ்ந்திருக்கிறது. கெட்டிக்கார நரி. வாய்க்கால் கரையில் எடுத்த அன்றே எனக்கு இது தெரியும்.

நான் எண்ணியது சரிதான், பதினொன்றுதான். "இனி உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை" என்று எழுதினீர்களே, அந்த வரியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தவித்தேன். இனித் தீப்பெட்டி வராது, கடிதமும் வராது என்று தோன்றியது. வா என்று நீங்களும் எழுதவில்லை, வருகிறேன் என்று எழுத எனக்கும் வீம்பு. அதனால் ஒரு பல்லைக் கூட்டிவிட்டேன். நீங்கள் இரண்டு நாள் தேடிவிட்டு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டமா! ரோஜாவையும் பிடுங்கிவிட்டீர்களே, என்ன மனுஷர் நீங்கள்! படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த அம்மாவிடம் நீங்கள் சொன்னதைப் படித்தபோது அழுதுவிட்டேன். கணக்கு டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பெருச்சாளியின் முன்பற்கள் ஆரஞ்சாகத்தான் இருக்கும். அதன் பல்லில் இரும்புச் சத்து உண்டு, எதில் போட்டாலும் போகாது. இரண்டாவது முறையிலேயே அதைக் கெடுக்காமல் எடுத்திருக்கிறீர்கள். நான் மூன்றாவதாகச் செய்த எலிகூடத் துண்டு துண்டாகத்தான் வந்தது.

திரும்பி வர மாற்றல் மனு கொடுத்துவிட்டேன். அது வருகிறபோது வரட்டும். வெள்ளிக்கிழமையோடு பள்ளி முடிந்து விடுமுறை, சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நரி என் மடியில் வரும். கூடத்து அலமாரியில் அதற்கு இடம் விடுங்கள். கூடவே பையில் ஓர் உடும்புத் தலையும் வருகிறது, இன்னும் ஊறப்போடவில்லை. ஆகவே வாளியைக் கழுவி வையுங்கள். மூடியில் ஒட்டிய சீட்டு கிழிந்திருக்கும். இந்த முறை நீங்களே எழுதி ஒட்டுங்கள், உங்கள் கையெழுத்துதான் தெளிவாக இருக்கும்.

உங்கள்,
டீச்சர்