பாவுக்குள் புகுந்த கழுதை

அன்புத் தோழிக்கு,

காலையில் ஒரு நாயின் காதுப் புண்ணுக்காக வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கினேன். அந்த நாற்றம் எழுந்ததும் உன் நினைவுதான் வந்தது. உனக்கு அது ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "நீ தேச்சு வுடுடி, நான் தலையப் புடிச்சுக்கிறேன்" என்பாய். இத்தனை பிராணிகளுக்கு இடம் கொடுத்த மகராசி, மருந்து போடும் வேலையை மட்டும் கடைசிவரை என் தலையிலேயே கட்டினாய். போ!

இங்கே வருகிறவர்கள் இந்தக் காப்பகம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறார்கள். யாரோ பெரிய மனிதர் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிவைத்ததாக நினைப்பு. ஒரு கழுதை நெசவுப் பாவுக்குள் புகுந்ததில்தான் ஆரம்பித்தது என்றால் சிரிக்கிறார்கள்.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு வீட்டிலும் தறி. வேகவதி ஆற்றங்கரைப் பக்கம் போன நீ, ஒரு கழுதையோடு திரும்பி வந்தாய். ஓடிப்போகாமலிருக்க அதன் முன்னங்கால்களை யாரோ சேர்த்துக் கட்டிய கயிறு, சதைக்குள் இறங்கிப் புழு வைத்திருந்தது. கயிற்றை அறுத்தெடுத்து உன் வீட்டுக் கொல்லையில் கட்டினோம். அடுத்து, கண் தெரியாத ஜட்கா குதிரை ஒன்றும் வந்து சேர்ந்தது. உன் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பது நம் தெருவில் தினமும் விடிந்ததும் நடக்கிற வேலை. அன்று தெருவில் இருந்தது எதிர்வீட்டுக் கோவிந்தனின் பாவு. முகூர்த்தப் புடவைக்கானது, அரக்கு நிறம். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்த கழுதை நேரே அதற்குள் நுழைந்துவிட்டது. பாவைத் தாங்கிய கம்புகள் சாய்ந்தன. இழைகள் கொத்துக் கொத்தாக அறுந்தன.

தெருவே கூடிவிட்டது. "இன்னாம்மா இது, தெருவா தொழுவமா? இன்னைக்கே இதுங்கள ஓட்டிக்கினு போயி ஆத்தாண்ட வுட்டுட்டு வா. இல்லன்னா நான் ஓட்டிடுவேன்!" என்று கோவிந்தன் குதித்தார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் அந்தப் புண்ணோடு ஆற்றங்கரையில் விட்டால் கழுதை பிழைக்காது, காக்கையே கொத்திக் கொன்றுவிடும். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "பட்டுக்கா வலிக்குது? அதுக்குத்தான்யா வலிக்குது!" என்று கத்தினேன்.

நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "வாய மூடுடி. அது அவரு பொழப்பு." அவரிடம் திரும்பி, "அறுந்ததெல்லாம் நான் ஒக்காந்து சேத்துத் தரேண்ணா. ஒரு இழை வுடமாட்டேன். ஆனா கழுதைய அனுப்பச் சொல்லாதீங்க. அனுப்பமாட்டேன்" என்றாய்.

நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாய். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்து முறுக்கினாய். நான் குடை பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் முறைத்தேன். வெயில் ஏறினால் பட்டுக்கு ஆகாதே என்று கோவிந்தனுக்குப் பதைப்பு. திட்டிக்கொண்டே வந்து மறுமுனையில் அவரும் உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் இழைகளைத் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிடுவாரா?

"வெச்சுக்கோ. ஆனா பாவு தெருவுக்கு வர்றதுக்குள்ள உன் பரிவாரம் தெருவத் தாண்டியிருக்கணும்."

தண்டனைதான் அது. தினமும் இருள் பிரியும் முன்பே எழுந்து, நொண்டிக் கழுதையையும் குருட்டுக் குதிரையையும் ஓட்டிக்கொண்டு ஊரைத் தாண்டி நடந்தோம். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள், "கருட சேவை பாத்துக்கீறோம், கழுதை சேவை இப்பத்தான் பாக்குறோம்" என்று கேலி பேசினார்கள். நான் சண்டைக்கு நின்றேன். நீயோ, "பாத்தல்ல, கும்புட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாய். அன்று நான் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது.

அந்த நடையால்தான் ஊர் நம்மைத் தெரிந்துகொண்டது. காலொடிந்த கன்று ஒன்றை வழியில் கொண்டுவந்து நிறுத்தினார் ஒருவர். கோவிந்தனே ஒரு நாள் அடிபட்ட நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. எழுபதுகளின் நடுவில் கொல்லை கொள்ளவில்லை. தாமல் கிராமத்திலிருந்து சந்தைக்கு வரும்போது நம் ஊர்வலத்தைப் பல நாள் பார்த்த விவசாயி ஒருவர், "ஏரிக்கரையாண்ட எங்க களர் நெலம் சும்மாதாம்மா கெடக்குது, வந்து இருங்க" என்றார். இன்றும் அந்த நிலத்தில்தான் இருக்கிறோம்.

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. நீ இருந்த அறையை இங்குள்ளவர்கள் நினைவறை ஆக்கி, உன் படத்துக்கு மாலை போட்டு வைத்தார்கள். நானும் சாயங்காலங்களில் உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். சொன்னால் என்ன, உன்னிடம்தானே.

இந்த வாரம் விடாத மழை. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. லாரி இடித்த சினைப்பசு ஒன்றை இன்று மதியம் கொண்டுவந்தார்கள். "இடமில்லன்னு சொல்லிடலாம்மா, வேற வழியில்ல" என்றார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் முருகன். "யாருய்யா சொன்னது இடமில்லன்னு?" என்று கேட்டுவிட்டு, உன் அறையைத் திறந்து கட்டிலை வெளியே போட்டேன். படத்தைக் கழற்றி என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். நான் இருக்கும்வரை இந்த வாசலில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல விடமாட்டேன்.

பசு இப்போது உன் அறையில் வைக்கோல் மேல் படுத்திருக்கிறது. நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். கோபித்துக்கொண்டாலும் நான் மாற்றப்போவதில்லை.