கிளிஃபர்ட் நைஸ் என்றாய்

காக்ஸ் டவுன், பெங்களூர்
ஜூன் 14, 1998

அன்புள்ள அன்னாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே இருவரும் சுகம், மழை தொடங்கியும் அப்பாவின் இருமல் திரும்பவில்லை. மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவையாவது விவரமாக எழுது.

அப்பாவின் நண்பர் மகன் கிளிஃபர்டை அங்கே சந்தித்துப் பேசிவிட்டு, போனில் "நைஸ்மா" என்று ஒரு சொல்லோடு வைத்துவிட்டாய். "பொண்ணே நைஸுன்னுட்டா, இன்னும் என்ன வேணும் பவுலின்" என்று அப்பா மறுநாளே கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லப் புறப்பட்டார். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. உன் முதல் விடுதியையும் நைஸ் என்றுதான் எழுதினாய், அடுத்த மாதமே அழுதுகொண்டு வேறு இடம் மாறினாய். அதனால் எங்கள் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'அறியாதவன்' என்னும் லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். அங்கே முதலில் முட்டாள் என்று பொருள், பிறகு கூச்சக்காரன், எதிலும் குறை காண்பவன், அப்புறம் நுட்பமானது என்றாகி, இனியது என்ற பொருள் வந்தது கடைசி இருநூற்றைம்பது வருஷத்துக்குள்தான். ஒரு முட்டாள் எப்படி இவ்வளவு தூரம் முன்னேறினான் என்பது அகராதிக்கே சரியாகத் தெரியவில்லை, அதை ஒப்புக்கொண்டிருப்பதால் மற்றதை நம்பினேன். நம் பக்கம் மட்டும் என்ன, ஜீவனஹள்ளி மில்லில் கோவிந்தப்பா "நைஸா அரைக்கட்டா மேடம், ரவை மாதிரி போதுமா" என்கிறார், வேலையிலிருந்து நழுவுகிறவனும் நைஸாகத்தான் போகிறான். இதை அப்பாவிடம் சொன்னால், "கல்யாணத்துக்கு டிக்‌ஷனரி பாக்குற பொம்பளைய இப்பதான் பாக்குறேன்" என்று சிரிக்கிறார்.

ஓலையை மூன்று ஞாயிறு வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தடை உன் மனதில் இருந்தால் இங்கே யாருக்குத் தெரியும்? ஓலைக்கு வேண்டிய உன் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடவேண்டும் என்று சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறேன். அது என் பீரோவில்தான் இருக்கிறது, அப்பாவிடம் சொல்லாதே. அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை, எனக்கு அவனைத் தெரியாது. ஓட்டலில் பரிமாறியவரிடம் எப்படிப் பேசினான், நீ மறுத்துச் சொன்னபோது முகம் எப்படிப் போயிற்று, நீ சிரித்தாயா, இதை எழுது. வேண்டாம் என்றாலும் எழுது, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீர் நிறையக் குடி, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாதா உனக்குத் துணையிருப்பாள். உன் கடிதம் வந்த அன்று அந்தச் சான்றிதழ் கிடைத்துவிடும், அல்லது கிடைக்காமலே போய்விடும்.

உன் அம்மா
பவுலின்