பொக்கிஷத்துக்கு ஒரு வாக்கியம்

மார்ச் 4, செவ்வாய்

'பொக்கிஷம்' என் தலையில் விழுந்திருக்கிறது. 'சொத்து', 'செல்வம்' எழுதும் வேலை எல்லாம் போன வருஷமே முடிந்தது. இந்த ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள், இணையான சொற்கள் எவை, எது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது - மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும்.

எங்கள் அகராதி அலுவலகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாங்களே எழுதக் கூடாது. யாரோ சொல்லி, நம் காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்டதைச் சீட்டில் குறித்துக் கொடுக்க வேண்டும். யார் வாயிலும் வராத பொருளைத் தலைமைப் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார். அதனால் அவருக்குக் கத்தரி என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

வீட்டுக்கு வந்தால் செவிலி பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "பகல் பூரா அமைதியா இருந்தார்மா," என்றாள். அவள் படியிறங்கியதும் கட்டிலில் கிடக்கும் என் கணவர் ஆரம்பித்துவிட்டார். நல்ல கையை அலமாரிப் பக்கம் நீட்டி, "அது... அது..."

எது? தெரிந்தால் எடுத்துக் கொடுக்க மாட்டேனா?

மார்ச் 6, வியாழன்

துணிக்கடையில் இத்தனை வருஷமும் வாயாலேயே பிழைத்த மனுஷர். கைக்குட்டை வாங்க வந்தவரை ஜன்னல்திரை வரைக்கும் வாங்க வைத்துத்தான் அனுப்புவார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது, அவ்வளவுதான். இப்போது மிச்சமிருப்பது 'அது' மட்டும். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. அதுதான் கொடுமை.

அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் முன்னால் கிடக்கும் நாற்காலியை நகர்த்த வேண்டும். நாற்காலி மேல் மடிக்காத துணி மலை, அதற்கு மேல் என் ஆபீஸ் காகிதக் கட்டுகள். இன்றும் இழுத்துத் தள்ளினேன். மோதிரமா? கண்ணாடியா? போட்டோவா? அளவு நாடாவா? கடை சாவியா? பழைய ரேடியோவா? ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கைக்கடிகாரத்தைக் கொடுத்தேன். வீசி எறிந்தார். கண்ணாடி சில்லு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நானும் கத்தினேன். "என்னதான் வேணும் உங்களுக்கு? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!" என்று. சொல்ல முடியாதவரிடம்.

மார்ச் 9, ஞாயிறு

முதுகுவலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சேர்ந்திருக்கும் சீட்டுகள்:

பல் வைத்தியர் - "மிச்சமிருக்கற பல்லையாவது பொக்கிஷமா பாத்துக்குங்க."

மாடிவீட்டு அம்மா, தன் கணவரைப் பற்றி - "ஓடாத காரைப் பொக்கிஷம் மாதிரி போர்வை போட்டு மூடி வச்சிருக்கார். எனக்கு ஒரு போர்வை கிடையாது."

பக்கத்து மேசைக்காரி - "பேத்தி கிறுக்கின காகிதம். என் பொக்கிஷம். தொடாதே."

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சொத்தைப் பிரிப்பார்கள், செல்வத்தைச் சேர்ப்பார்கள், புதையல் கிடைக்கும், நிதி திரட்டுவார்கள். பொக்கிஷத்தை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொள்வார்கள். வேறு ஒன்றும் செய்வதாகக் காணோம். மன்னர்களின் பணம் இருந்த அறை என்ற பழைய பொருளை இப்போது யாரும் சொல்வதில்லை. கத்தரிக்கு வேலை வந்துவிட்டது.

பகலில் இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உயிர் வருகிறது. வீட்டுப் படியேறும்போது போய்விடுகிறது. உண்மையைச் சொல்லிக்கொள்ள இந்த டைரியை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

செவிலி இன்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். "என்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்லம்மா. நீங்க வந்தாத்தான் ஆரம்பிக்கிறார்."

அப்படியென்றால் என் மூஞ்சியைப் பார்த்தால்தான் கோபம் வருகிறதா? நான் என்ன செய்துவிட்டேன்? கழுவி, துடைத்து, ஊட்டி, மாத்திரை கொடுத்து - போதும். இதை மேலே எழுதினால் அழுவேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். உடைந்த கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அம்மா, உன்னால முடியல. ஒத்துக்கோ," என்றாள். நல்ல பராமரிப்பு இல்லம் ஒன்று பார்த்திருக்கிறாளாம். மாதக் கடைசியில் ஒரு அறை காலியாகிறதாம். அடுத்த திங்கள் போய்ப் பார்த்துவிட்டு சரி என்று சொன்னால் போதுமாம்.

"அங்க அப்பாவைப் பொக்கிஷம் மாதிரி பாத்துப்பாங்கம்மா."

என் கை தானாகப் போய் சீட்டை எடுத்து எழுதிவிட்டது. யார் சொன்னது: மகள். இடம்: சமையலறை. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. கிழித்துப் போட்டேன்.

ஆனால் 'மாட்டேன்' என்று அவளிடம் சொல்லவில்லை. 'பாக்கலாம்' என்றேன்.

மார்ச் 19, புதன்

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். ஓரமாக உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் வாயைத் தொறக்கறதுக்குள்ள நீங்க நாலு வார்த்தை எடுத்துக் குடுத்துடறீங்க மேடம். அவருக்கு இருந்ததும் ஓடிப்போயிடுது. குடுக்காதீங்க. அவர் தேடட்டும், நீங்க சும்மா இருங்க."

சும்மா இருக்கணுமாம். ஒரு சொல் கேட்டால் பத்து எடுத்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர்தான் பேசினார், என்னால் குறுக்கே ஒரு சொல் போட முடிந்ததில்லை. இப்போது எனக்கு வாய் கிடைத்தால் அதையும் மூடச் சொல்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

முயற்சி செய்தேன். அவர் "அது" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. "தலைகாணியா?" என்று வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

நாளைக்கு இல்லம் பார்க்கப் போக வேண்டும். மகள் காலையில் வண்டியோடு வருகிறாள். அவருக்கு என்னென்ன எடுத்து வைப்பது என்று நாளெல்லாம் மனசுக்குள் ஒரு கணக்கு. மாற்றுத்துணி, மாத்திரை, கண்ணாடி. இத்தனை வருஷ வாழ்க்கை ஒரு பையில் அடங்கிவிடும் போலிருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கையை நீட்டிவிட்டார். "அது..."

நான் பதில் சொல்லவில்லை. பயிற்சிக்காரி சொன்னாளே என்றெல்லாம் இல்லை. சொல்வதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். காய்கறிப் பையோடு சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, ஏதோ கனத்தைத் தூக்குகிறவர் மாதிரி இருந்தார். "உ... உ..." என்றார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் நாலைந்து சொல் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"உக்... காரு."

"யாரு? நானா?"

கை அப்படியே நீண்டிருந்தது. அந்தக் கை போகிற வழியில் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். அலமாரி பின்னால் இருக்கிறது. அதற்கு முன்னால் நாற்காலி.

அவர் கடையிலிருந்து வந்ததும் நான் தினமும் உட்காரும் நாற்காலி. அவர் கதை சொல்லச் சொல்ல நான் துணி மடிப்பேன். அவர் விழுந்த நாளிலிருந்து அதில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. குப்பையை ஏற்றி வைத்தேன். அவர் கையைக் காட்டிய போதெல்லாம் அதைத் தள்ளிவிட்டு, பின்னால் போய் மோதிரத்தைத் தேடினேன். கடிகாரத்தைத் தேடினேன். அடக் கடவுளே.

துணியையும் கட்டுகளையும் தரையில் போட்டேன். உட்கார்ந்தேன். அவர் கையை மடியில் இறக்கிக்கொண்டார். பெருமூச்சு விட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அழுதேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, திங்கள்

மகளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று. "ஏம்மா, திடீர்னு?" என்றாள்.

"அவர் சாமான் எதையும் கேக்கலடி. என்னை உக்காரச் சொல்லியிருக்கார். இத்தனை நாளும்."

அவள் உள்ளே வந்து தரையில் கிடந்த துணிகளை மடித்து வைத்தாள். முதுகுவலிக்குத் தைலம் வாங்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. பார்க்கலாம்.

மார்ச் 31, திங்கள்

பொக்கிஷத்தைக் கொடுத்துவிட்டேன். கத்தரி எதிர்பார்த்தபடியே மன்னர்களின் பண அறையை வெட்டினார், பல் வைத்தியர் சொன்னதை வைத்துக்கொண்டார். "நல்ல வாக்கியம்," என்றார். "வீட்டுல கேட்டது எதுவும் இல்லையா?"

இருந்தது, கிழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் 2, புதன்

சோர்வு அப்படியேதான் இருக்கிறது. அது எங்கே போகும். இரண்டு கோப்பை டீ போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றுபோய், திரும்ப முதலிலிருந்து வந்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. தெருவிளக்கு போட்டுவிட்டார்கள்.

"டீ... ஆறுது," என்றார். "குடி."