சீமெந்து பூசவிடாத வயர்ப் பெட்டி

ஹட்டன், ஆகஸ்ட் 2006, சனிக்கிழமை

இந்த வீட்டை எங்களுக்கு விற்றுவிட்டுப் போன தேயிலைத் தோட்டத்துத் துரை, முன்னறை ஹோல் சுவருக்குள் ஒரு பழைய வயர்ப் பெட்டியை விட்டுப்போயிருக்கிறார். அதை மூடிவிடுவதென்று என் மாமனார் முடிவெடுத்துவிட்டார். காலையில் மேசன் பாஸ் சீமெந்தோடு வந்து நின்றார்.

"மூட வேணாம் மாமா. இன்டர்நெட் எடுக்கிறப்ப தேவைப்படும்," என்றேன்.

"பொம்பளப் பிள்ள கரண்டுல கை வைக்கிறதா? கம்முனு இரும்மா."

"இதுல கரண்ட் இல்லைங்க. டெலிபோன் வயரு, கம்ப்யூட்டர் வயரு, ஸ்பீக்கர் வயருதான். எது எங்க போகுதுன்னு பார்க்காம மூட விடமாட்டேன்."

மாமா கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தார். என் கணவர் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மேசன் பாஸைக் குளியலறைச் சுவரைப் பூச அனுப்பினேன்.

துரை ஒவ்வொரு அறைச் சுவருக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் பதித்திருந்தார். டோர்ச் பெட்டரி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சோடி ஸ்பீக்கர் வயரிலும் தொட்டுப் பார்த்தேன். எந்த அறையில் 'டக்' என்று கேட்டதோ அந்த அறையின் பெயரை எழுதி வயரில் ஒட்டினேன். ஒரு சோடியைத் தொட்டதும் மாமா அலறினார்: "சுவத்துக்குள்ள யாரு!"

சிரிப்பை அடக்க நான் முயலவில்லை.

கம்ப்யூட்டர் வயர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றை இணைத்த கருவிதான் செத்துவிட்டது. புது ரவுட்டர் வாங்கத்தான் போகிறேன், யார் என்ன சொன்னாலும்.

மாலையில் ஹோல் ரேடியோவை மாமா அறை வயரோடு இணைத்துச் செய்தியைப் போட்டேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்படி என் கணவரிடம் சொல்லி அனுப்பினார்.

என்னிடம் கேட்கட்டும், கூட்டுகிறேன்.